தாமதக் குறியீடு பதினேழு

யூனியன் பிளேஸில் பதினோராம் மாடி.
கீழே பேரை வாவி கறுப்பாய்க் கிடக்கிறது.
என் முன்னே மூன்று திரை,
திரைக்குள்ளே ஒரு பாலைநிலம்,
அதன் நடுவே ஒரு பள்ளம்,
பள்ளத்துக்குள் நாற்பத்திரண்டு லொறி, ஐந்து ஷவல்.

ஷவல் என்றால் மண்வெட்டி என்று
பள்ளிக்கூடத்தில் எழுதி முழுப் புள்ளி வாங்கியவள் நான்.
இந்த மண்வெட்டியின் வாய்க்குள்
எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டுக் குசினி
காஸ் சிலிண்டரோடு அடங்கும்.
நான்கு வாய் அள்ளினால் ஒரு லொறி நிறையும்.
இரண்டரை நிமிடம்.
அடுத்தது வராவிட்டால் ஷவல் சும்மா நிற்கும்.
இரண்டு சேர்ந்து வந்தால் லொறி சும்மா நிற்கும்.
யாரோ ஒருவர் காத்திருந்தே ஆகவேண்டும்.
யார் என்று சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

தூரம், ஏற்றம், டயர்ச் சூடு, கல்லின் தரம்
எல்லாம் பிசைந்து
இன்ன லொறி இன்ன ஷவலுக்கு என்று
கணினி பச்சைக் கோடு இழுக்கும்.
அதில் இரக்கமும் இல்லை, வஞ்சகமும் இல்லை.
பத்தொன்பதாம் லொறிக்காரன் புதியவன் என்பதும்
ஷவலின் இடப்பக்கம் பின்னுக்கு எடுக்க
அவனுக்குக் கை நடுங்கும் என்பதும்
அதற்குத் தெரியாது.
எனக்குத் தெரியும்,
அவன் மூச்சு ரேடியோவில் வரும்.

நேற்றிரவு ஒன்றே முக்காலுக்கு
நாலாம் ஷவல் நின்றது. எண்ணெய்க் குழாய் வெடிப்பு.
அதை நோக்கி ஒன்பது லொறி வழியில்.
மூன்றை இரண்டுக்குத் திருப்பினேன்,
இரண்டை ஐந்துக்கு,
ஒன்றை டீசல் அடிக்க.
மிச்சம் மூன்று.
நில்லுங்கள் என்றேன்.

நில் என்று சொல்வது லேசு.
பெற்றோல் இல்லாத அந்த வருஷம்
ஃபர்ஸானின் த்ரீவீலுக்குள் இரண்டு இரவு இருந்து
இந்தக் கணக்கை நான் முதுகால் படித்தவள்.
வரிசையில்
முன்னால் நிற்பவனுக்கு மட்டும்தான் நேரம் நகரும்.

அப்போது மழை பிடித்தது.
கொழும்பு மழை, கேட்டுக் கேள்வி இல்லாமல்,
கண்ணாடியில் கல்லெறிகிற மாதிரி.
முப்பத்தொன்றிலிருந்து மார்லீன் கேட்டாள்:
உன் பக்கம் என்ன சத்தம்?
மழை.
கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.
இங்கே பதினான்கு மாதம், என்றாள்.
பிறகு, சின்னக் குரலில்,
கொஞ்சம் கேட்கத் தருவாயா?

சிகரெட்காரர் மறைவாய்த் திறக்கிற
ஒற்றை ஜன்னல் இருக்கிறது பான்ட்ரியில்.
வயர் எட்டியவரை போனேன்.
எட்டாத மிச்சத்துக்குக் கையை நீட்டினேன்.
தகரக் கூரைகளில், வாவியில்,
கீழே யாரோ மறந்துபோன பிளாஸ்டிக் கதிரைகளில்
விழுந்ததெல்லாம் போனது.
சட்டைக் கை தோள்வரை நனைந்தது.

அது பொது அலைவரிசை.
மறந்துவிட்டேன்.
நாற்பத்திரண்டு பேரும் கேட்டிருக்கிறார்கள்.
திரும்பி வந்து பார்த்தால்
ஐந்தாம் ஷவல் சிவப்பாய்க் காட்டுகிறது,
பழுதில்லை, லொறியும் அடியில் நிற்கிறது,
வாய் நிறையக் கல்லோடு
அந்தரத்தில் நிறுத்தி வைத்திருக்கிறான் மனுஷன்.

ஒரு நிமிடம் பத்து விநாடி.
காரணம் தா என்று திரை கேட்டது.
மூன்று: எரிபொருள். ஆறு: வெடிவைப்பு.
ஒன்பது: வரிசை. பன்னிரண்டு: ஆள் மாற்றம்.
பட்டியலின் அடிவரை இறங்கிப்போய்
பதினேழை அழுத்தினேன்.
வானிலை.

காலையில் ரஜிந்த சேர் பிளேன்டியோடு வந்தார்.
முகில் முளைக்காத இடம் அது, என்றார்,
அங்கே என்ன வானிலை?
ஜன்னலைப் பார்த்தார். என் சட்டைக் கையைப் பார்த்தார்.
திருத்திவிடு, என்று சொல்லிப் போனார்.

இன்னும் திருத்தவில்லை.